நீத்துப்பெட்டியிலிருந்து எழுத்து செய்வது எப்படி?

கேள்வியை என் சொல்லில் ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு வந்து வாசிக்கிறவர்களுக்கும் உதவும். நீங்கள் யாழ்ப்பாணத்தில் வடிவமைப்புப் படிக்கிறீர்கள். வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள் ஒன்றை வைத்துப் பரிசோதனையாக ஒரு தமிழ் எழுத்து வரிசை செய்யவேண்டும். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியை எடுத்திருக்கிறீர்கள். எல்லா எழுத்தையும் தலைகீழ்க் கூம்பு ஒன்றுக்குள் அடக்கி, மேலே ஓலை இழைத்த மாதிரிக் கோடுகளும் போட்டாயிற்று. பார்க்கிறவர்கள் "வடிவாய் இருக்கு, ஆனால் வாசிக்கேலாது" என்கிறார்கள். பரிசோதனை என்றால் வாசிக்க முடியாமல் இருந்தால்தான் என்ன, எழுத்தை எவ்வளவு தூரம் உடைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு உடைக்கலாம் என்பதற்கு அளவுகோல் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: நீத்துப்பெட்டியிடமிருந்து எதை எடுப்பது? அதற்குப் பதில் கிடைத்தால் உடைப்பதைப் பற்றிய கவலை பாதி குறைந்துவிடும்.

நான் பெயர்ப்பலகை, கல்யாண அழைப்பிதழ், சஞ்சிகைத் தலைப்பு என்று தமிழ் எழுத்து வரைந்தே பிழைக்கிறவன். கணினி எழுத்துருவும் செய்கிறேன். பெட்டி இழைக்கத் தெரியாது. இழைக்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் நின்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் செய்திருப்பது பொருளின் புற உருவத்தை எடுத்து எழுத்தை அதற்குள் திணிப்பது. புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் இதைத்தான் முதலில் செய்வார்கள். சைக்கிளை எடுத்தால் சில்லு வட்டம் எழுத்தின் சுழியாகும், துலாவை எடுத்தால் நெடுங்கோடெல்லாம் சாய்ந்து நிற்கும். இதில் இரண்டு சிக்கல். ஒன்று, பொருளின் உருவம் ஒன்றுதான், எழுத்தோ நூற்றுக்கு மேல். எல்லா எழுத்துக்கும் ஒரே கூம்பை மாட்டினால் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு குறையும், வாசிக்கிறவர் தேடுவது அந்த வேறுபாட்டைத்தான். இரண்டு, கீழே குறுகும் கூம்பு தமிழுக்கு மிகவும் பொருந்தாத உருவம். ப, ம, ட, வ, ய எல்லாவற்றுக்கும் அடித்தளம் கீழ்க்கோட்டில் இருக்கிறது. அதைக் குறுக்கினால் அடையாளம் இருக்கிற இடத்திலேயே நெருக்கிப் பிடிக்கிறீர்கள். போதாததற்கு ஓலைக் கோடுகளை மேலே அலங்காரமாகப் போட்டதால், எழுத்தின் கோடு எது, ஓலையின் கோடு எது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

சரி, வேறு எதை எடுக்கலாம்? பெட்டியைக் கையில் எடுத்து, எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். ஓலையை ஒரே அகலத்துக்கு வார்ந்து எடுத்திருக்கிறார்கள். அந்த வார்கள் இரண்டு திசையில் ஓடி, ஒன்றுக்கு மேலே ஒன்று, ஒன்றுக்குக் கீழே ஒன்று என்று போகின்றன. பக்கத்தில் பார்த்தால் வார்கள் நேராக நிற்கவில்லை, சாய்வாக ஓடுகின்றன. விளிம்புக்கு வந்த வார் வெட்டப்படாமல் மடிந்து திரும்பி உள்ளே போகிறது. ஒரு வார் முடிகிற இடத்தில் புது வார் பழையதன் அடியில் செருகப்பட்டிருக்கிறது, அந்தப் பொருத்து வெளியே தெரிவதில்லை. அகலம் மாறாது, மடித்துத்தான் திரும்பலாம், கடக்கும் இடத்தில் ஒன்று மேலே மற்றது கீழே, பொருத்து மறைவில். இந்த நாலும்தான் நீத்துப்பெட்டி. இதே விதிகள் கடகத்துக்கும் சுளகுக்கும் கொட்டப்பெட்டிக்கும் பாய்க்கும் பெரும்பாலும் பொருந்தும். கூம்பு என்பது அவற்றிலிருந்து வந்த ஒரு முடிவு மட்டுமே. விதியை எடுத்துக்கொண்டால் எழுத்துக்கு எழுத்து வேறு வேறு உருவம் தானாக வரும், ஆனால் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

இந்த விதிகளை எழுத்தாக்க இரண்டு வழி தெரியும். முதலாவது எல்லோருக்கும் உடனே தோன்றுவது: இழைப்பைக் கட்டம் கட்டமாகப் பார்ப்பது. ஒரு திசை வாருக்குச் சாயம் போட்டு மறு திசையை வெறுமனே விட்டால், ஒவ்வொரு கடப்பும் ஒரு கட்டம். சாய வார் மேலே வந்தால் கறுப்பு, கீழே போனால் வெள்ளை. கட்டத்தாளில் எழுத்து நிரப்புகிற மாதிரி நிரப்பிக்கொண்டு போகலாம் என்று நினைப்பீர்கள். ஓலை அதற்கு விடாது. ஒருமுறை கட்டத்தாளில் அ வரைந்து கொண்டுபோய் பெட்டி இழைக்கிற மாமி ஒருவரிடம் காட்டினேன். தாளைத் தூரப்பிடித்துப் பார்த்துவிட்டு, விரலால் நெடுங்கோட்டைத் தொட்டு, "இதிலை மூண்டுக்கு மேலை விட்டால் ஓலை எழும்பி நிக்கும் தம்பி. கை பட்டாச் சிக்கும், அரிசி கொட்டினா இடையாலை போகும்" என்றார். அதாவது ஒரு வார் தொடர்ந்து மூன்று கடப்புக்கு மேல் மேலேயே ஓடினால் இறுக்கம் போய்விடும். பிறகு தன் கையிலிருந்த பெட்டியிலேயே ஓரிடத்தை நகத்தால் நெம்பிக் காட்டினார். நாலு கடப்பைத் தாண்டிய வார் ஒன்று அங்கே நடுவில் வில் மாதிரி வளைந்து நின்றது.

இது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல விதி. திரையில் வரைகிறவருக்கு நெடுங்கோட்டை எவ்வளவு நீளமும் இழுக்கலாம். ஓலையின் விதியை ஏற்றுக்கொண்டால் நாலாவது கட்டத்தில் கோடு ஒருமுறை கீழே போய் வரவேண்டும். அந்த இடைவெளிதான் எழுத்துக்கு ஓலையின் தோற்றத்தைக் கொடுக்கும், மேலே ஒட்டிய கோடுகள் கொடுக்காது. ஆனால் இந்த வழிக்குக் கட்டங்கள் நிறைய வேண்டும். மூன்று சுழி ண-வை எடுங்கள். ஒரு கட்டம் கோடு, ஒரு கட்டம் இடைவெளி என்று மிகவும் நெருக்கி வைத்தாலும் ஏறக்குறைய 11 கட்ட அகலம் போகும். உயரத்தில் உடலுக்கு 7, இகரக் கொக்கிக்கும் புள்ளிக்கும் மேலே 3, ழ-வின் வாலுக்கும் உகரத்துக்கும் கீழே 3 என்று வைத்துத்தான் எனக்குச் சரிவந்திருக்கிறது. இதைவிடக் குறைத்தால் ஞ, ஜ, ஐ மூன்றும் சேறாகிவிடும். கட்டத்தை நேராக வைப்பதா, பெட்டியின் பக்கத்தில் இருக்கிற மாதிரி 45 பாகை சாய்த்து வைப்பதா என்பதையும் முதலிலேயே முடிவெடுக்கவேண்டும். நேர்க் கட்டத்தில் ப-வும் ட-வும் சுத்தமாக வரும், ஏ-யின் அடிச்சாய்வும் ர-வின் காலும் படிக்கட்டாகும். சாய்த்தால் மறுதலை.

கட்டுமானப் பொருளின் கட்டத்துக்குள் எழுத்தை அடக்குவது உலகத்தில் புதிதல்ல. ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் செங்கல்லை அடுக்குகிற முறையிலேயே அரபு எழுத்தைச் சதுரமாக்கிக் கட்டடச் சுவர் முழுக்க எழுதியிருக்கிறார்கள், சதுரக் கூஃபி என்பது அதன் பெயர். பழகாத கண்ணுக்கு அது வெறும் கோலம். ஆனால் எழுதப்பட்டது பெரும்பாலும் இறைவன் பெயரும் நபி பெயரும் போல ஊரறிந்த சொற்கள். அதனால் சுவரைப் பார்த்தவர் எழுத்துக்கூட்டத் தேவையில்லை, அடையாளம் கண்டாலே போதும். உங்கள் "வாசிக்கேலாது" பிரச்சினைக்கு இதில் ஒரு வழி இருக்கிறது: எழுத்தைக் கடினமாக்கினால் சொல்லை எளிதாக்குங்கள். "யாழ்ப்பாணம்" என்றோ "புட்டு" என்றோ எழுதினால் இங்கே எவரும் பாதி பார்த்ததும் பிடித்துவிடுவார்கள். யாரும் கேள்விப்படாத கவிதை வரியை அதே எழுத்தில் போட்டால் தோற்கும்.

இன்னொரு பக்கத்தில் விம் க்ரௌவெல் என்ற டச்சு வடிவமைப்பாளர் இருக்கிறார். கதோட்டுக் குழாய்த் திரையில் வளைவுகள் சிதைந்து வருவதைப் பார்த்து, 1967ல் கிடைக்கோடும் நெடுங்கோடும் மூலைச் சாய்வும் மட்டும் கொண்டு ஒரு எழுத்து வரிசையை முன்வைத்தார். அதில் பல எழுத்துகளை இன்னதென்று சொல்வது கடினம். அவர் அதைப் பாவனைக்கான எழுத்தாக அல்ல, ஒரு முன்மொழிவாகத்தான் வைத்தார். பரிசோதனை வாசிக்க முடியாமல் இருக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். ஆனால் அவருடைய விதி இயந்திரத்தின் உண்மையான குறையிலிருந்து வந்தது, அதனால்தான் இன்றும் பேசப்படுகிறது. நம்மவரிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா சுண்டிக்குளியில் பிறந்தவர். 247 எழுத்தை ஆங்கிலத்துக்குச் செய்த சில பத்து விசைகளுக்குள் அடக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு. அடித்தாலும் உருளை நகராமல் நிற்கிற நகரா விசைகளை வைத்து, ஒரே இடத்தில் இரண்டு தடவை அடித்து ஓர் எழுத்தை முடிக்கிற வழியைக் கண்டார். அவர் கலைப்படைப்பு செய்யவில்லை. ஆனாலும் பொருள் போட்ட விதிக்குள் தமிழ் எப்படி நெளிந்து கொடுக்கிறது என்று படிக்க அதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது, நீங்களும் இதைத்தான் செய்யவேண்டும் என்று நினைக்கிறேன். கட்டங்களை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு ஓலை வாரை எடுங்கள், அதையே எழுத்தின் கோடாக நினைத்து மடியுங்கள். தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை கை எடுக்காமல் ஒரே ஓட்டத்தில் எழுதப்படுகிறவை. மேசையில் ஒரு வாரை நேராக வைத்து 45 பாகையில் மடித்தால் அது சரியாக 90 பாகை திரும்பும், மூலையில் சின்ன முக்கோணம் ஒன்று விழும். அதோடு வாரின் மறுபக்கம் மேலே வரும். பனையோலையின் ஒரு பக்கம் மினுக்கம், மறுபக்கம் மங்கல். ஆகவே ஒவ்வொரு மடிப்புக்கும் எழுத்தின் நிறம் மாறும். ட ஒரு மடிப்பு: மினுக்கமாக இறங்கி, மங்கலாக வலப்பக்கம் போகும். ப இரண்டு மடிப்பு: இரண்டு காலும் மினுக்கம், அடி மட்டும் மங்கல். ம நாலு மடிப்பு: இறங்கி, வலப்பக்கம் போய், ஏறி, இடப்பக்கம் திரும்பி, மறுபடி இறங்கி அடிக்கோட்டில் முடியும். அந்த முடிவை அடிக்கோட்டின் கீழே செருகிவிட்டால் ம. அதே வாரை அடிக்கோட்டுக்கு மேலாக விட்டுக் கீழே தொங்கவிட்டு வாலைத் திருப்பினால் ழ. இந்த இரண்டு எழுத்தும் ஓலையில் இவ்வளவு சுத்தமாகப் பிரிவதைப் பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும்.

சுழி வருகிற இடத்தில் மூன்று மடிப்புப் போட்டால் வார் தன்னைத்தானே கடக்கும். கடக்கும்போது மேலே போவதா கீழே போவதா என்று ஒரு முடிவு எடுக்கவேண்டும். எழுதும்போது கை பிந்திப் போகிற பகுதி மேலே என்று வையுங்கள். அப்போது அ, கு, ஞ போன்ற எழுத்துகளில் எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் முடிகிறது என்பதைக் கண்ணே பின்தொடரும், சிக்கலான எழுத்தும் அவிழும். எல்லா எழுத்தும் இதற்குச் சம்மதிக்காது. ய-வின் நடுக்காலில் கை மேலே போய் அதே வழியாக இறங்குகிறது. வாரை அப்படியே மடித்தால் அந்தக் கால் மட்டும் இரட்டைத் தடிப்பாகும். அங்கே ஏறும் வாரையும் இறங்கும் வாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ய-வைச் சற்று அகலமாக்குவதுதான் ஒரே வழி. ண இன்னும் அகலமாக, ப-வைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். வரட்டும். வாரின் அகலம் மாறக்கூடாது என்பது விதியானால் எழுத்தின் அகலம் மாறத்தான் வேண்டும். ஒரே அகலத்துக்குள் நெருக்கினால் மறுபடியும் கூம்புக்குள் திணித்த கதைதான்.

இதைக் கணினியில் தொடங்காதீர்கள். சந்தையில் பெட்டி விற்கிறவரிடம் கேட்டால் வார்ந்த ஓலை கொஞ்சம் கிடைக்கும். காய்ந்தது வெடிக்கும், தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு மடியுங்கள். ஓலை கிடைக்காவிட்டால் ஒரு பக்கம் நிறமான கடதாசி நாடாவும் போதும். கையால் மடித்த எழுத்தைப் படம் பிடித்து அதன் மேல் வரையுங்கள். திரையில் கற்பனையாக வரைகிற மடிப்புகளில் நடக்கவே முடியாத மடிப்புகள் வந்து சேரும், பெட்டி இழைக்கிறவர் ஒருவர் பார்த்தால் உடனே சிரிப்பார்.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கு இப்போது வருவோம். தமிழில் சில எழுத்துகள் மயிரிழையில்தான் பிரிகின்றன. ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று சுழி. சுழியைச் சதுரமாக்கலாம், முக்கோணமாக்கலாம், எண்ணிக்கையை மட்டும் தொடக்கூடாது. எ-ஏ, ஒ-ஓ சோடிகளில் அடியில் இருக்கிற ஒரு சிறு கோடும் சுழியும்தான் வேறுபாடு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பும் அப்படித்தான். க-வும் த-வும் இடப்பக்கம் ஏறக்குறைய ஒன்று, வலப்பக்க முடிவில்தான் பிரிகின்றன. எல்லாவற்றிலும் மோசமானது ர-வும் கால் குறியும் (ா). அச்சில் இரண்டும் ஒரே உருவம், ர-வுக்கு அடியில் ஒரு சாய்வு மட்டும் அதிகம். அந்தச் சாய்வை மடித்துச் செய்யப் பார்க்காதீர்கள். 45 பாகை மட்டும் திரும்ப வேண்டுமானால் மடிப்புக்கோடு 22.5 பாகையில் விழும், வாரின் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு நீளமான அசிங்கமான மடிப்பு வரும். அதைவிட, ர-வின் நுனியைக் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறக்கிச் சாய்வாக வெட்டிவிடுங்கள், கால் குறியை கீழ்க்கோட்டிலேயே நேராக வெட்டுங்கள். பெட்டி இழைக்கிறவர்களும் செருகுவதற்கு வசதியாக நுனியைச் சாய்த்துத்தான் வெட்டுவார்கள், ஆகவே விதி மீறலும் இல்லை.

புள்ளியை மறந்துவிடாதீர்கள், இந்த மாதிரி எழுத்துகளில் முதலில் தொலைவது அதுதான். கட்ட வழியில் போனால் ஒரு கட்டப் புள்ளி சுற்றியுள்ள இழைப்பிலேயே கரைந்துவிடும், யார் கண்ணுக்கும் படாது. இரண்டுக்கு இரண்டு கட்டமாவது வேண்டும், அல்லது அந்த இடத்தில் இழைப்பைத் திறந்து ஓட்டையாக விடலாம். நீத்துப்பெட்டியில் ஆவி ஏறுவதே இழைப்பின் இடைவெளிகளால்தானே. மடிப்பு வழியில் வாரின் நுனித்துண்டு ஒன்றை நான்மூலையாக வெட்டி மேலே வைத்தால் போதும், பக்க அளவு வாரின் அகலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "யாழ்ப்பாணம்" என்ற சொல்லில் மூன்று புள்ளி, இரண்டு ப, இரண்டு கால், ழ, ண, ம எல்லாம் இருப்பதால் முதல் மாதிரிக்கு அதைவிட நல்ல சொல் இல்லை. ர மட்டும் இல்லை, அதை வேறு சொல்லில் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் திட்டக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: ஓலையில் நேர்கோடு கீறினால் கிழிந்துவிடும், அதனால்தான் தமிழ் எழுத்து வட்டமானது, நான் ஓலையைக் கொண்டே அதை மறுபடியும் நேராக்குகிறேன் என்று. அழகான எண்ணம், ஆனால் முதல் பாதியை உறுதியான உண்மையாக எழுதாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: மதுரைக்குப் பக்கத்தில் உள்ள மாங்குளம் போன்ற இடங்களில் கல்லில் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்துகள் நேர்கோடும் கோணமுமாக இருக்கின்றன, பிந்திய வட்டெழுத்து வளைந்து உருண்டிருக்கிறது, ஓலையில் எழுத்தாணியால் கீறுவது நீண்ட காலம் நடந்திருக்கிறது. ஓலைதான் காரணம் என்பது இவற்றிலிருந்து ஊகிப்பது. அந்த ஊகத்துக்கு எதிராகவும் சொல்லலாம். வட இந்தியாவில் ஓலையிலேயே தலைக்கோடு போட்டு எழுதினார்கள், அங்கே மையால் எழுதியது ஒரு காரணமாக இருக்கலாம். தமிழிலும் ப, ட, ம ஓலைக் காலம் முழுக்க நேர்கோட்டோடு பிழைத்து வந்திருக்கின்றன. எழுத்தாணியும் ஓலையும் உருண்டைக்குத் துணை செய்திருக்கும் என்று எழுதுங்கள், அதுவே போதும். அதேபோல ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை என்பது சுவடியைப் பார்த்த எவருக்கும் தெரியும். எகர ஏகார, ஒகர ஓகாரக் குறில் நெடில் வேறுபாட்டை இன்றைய முறையில் எழுதத் தொடங்கியவர் வீரமாமுனிவர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. முன்னோர் புள்ளி இல்லாமலே வாசித்தார்களே என்று உங்கள் ஆசிரியர் கேட்கக்கூடும். வாசித்தார்கள்தான், அவர்கள் சுவடியில் இருந்த பாட்டை மனப்பாடமாகவும் வைத்திருந்தார்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் ஓடி, 1841ல் உதயதாரகை வந்து, வண்ணார்பண்ணையில் நாவலர் அச்சுக்கூடம் வைத்து, தலைமுறை தலைமுறையாகப் புள்ளியோடு பழகிய கண் நம்முடையது.

வாசிக்க முடிகிறதா என்று சோதிப்பதற்கு நண்பர்களிடம் "எப்படி இருக்கு" என்று கேட்பது உதவாது, நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். மணம் - மனம், மலை - மழை, பரம் - பாரம், கரம் - தரம், எடு - ஏடு, கொள் - கோள் இப்படிச் சோடிச் சொற்களைக் கலைத்துப்போட்டு, ஒவ்வொன்றாகக் காட்டி, அவர்களைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பத்திரிகை வாசிக்கிற வயதானவர் ஒருவரும், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றும் அதில் இருக்கட்டும். வரைந்த நீங்கள் சோதனைக்கு உதவமாட்டீர்கள், உங்கள் கண்ணுக்கு அது ஏற்கெனவே பழகிவிட்டது. ஒரே எழுத்தில் இரண்டு பேர் பிழைவிட்டால் அந்த எழுத்தை மாற்றுங்கள். வெவ்வேறு எழுத்தில் ஆளுக்கொன்று பிழைவிட்டால் விட்டுவிடலாம், அது புதுமையின் கூலி.

கடைசியாக, இதை முழு எழுத்துருவாக்குவது பற்றி. அவசரப்படாதீர்கள். உயிரும் மெய்யும் குறிகளும் போட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது உகர, ஊகார வரிசைகள் நிற்கும், 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 உருவம், கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு ஒரு மாதிரி. டி, டீ தனி. ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ வேறு. பாடத்துக்குச் சமர்ப்பிக்க ஒரு சொல், பிறகு ஒரு வரி, அதோடு உயிரெழுத்து வரிசை போதும். மேலே போக விருப்பமென்றால் இங்க்ஸ்கேப்பில் வரைந்து ஃபொன்ட்ஃபோர்ஜுக்குள் கொண்டுபோகலாம், முன்னது வரைவதற்கும் பின்னது எழுத்துருவாக்குவதற்குமான இலவச மென்பொருள். கட்ட வழியில் போனால் எம் சதுரம் (எழுத்துருவில் ஓர் எழுத்தை வரைகிற அளவுச் சதுரம்) 1000 அலகில் ஒரு கட்டத்துக்கு 60 அலகு கொடுங்கள். பக்கத்துக் கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் திரையில் இடையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒளிரும், ஆகவே சேரவேண்டியவற்றை ஒரே உருவமாக இணையுங்கள், பிரியவேண்டியவற்றுக்குக் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி கொடுங்கள். இகரக் கொக்கி ப-வுக்கு வாரின் தொடர்ச்சியாகவே மேலே போகும், ட-வுக்கு அப்படி வராது. வராத எழுத்துகளுக்கெல்லாம் புது வாரை எழுத்தின் அடியில் செருகி மேலே எடுங்கள். மினுக்கம், மங்கல் என்று இரண்டு நிறம் வைத்தால் சாதாரண எழுத்துருக் கோப்பு ஒரு நிறம்தான் தாங்கும். இரண்டு கோப்பாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்று அச்சடிப்பது பழைய வழி, இன்றும் அதுதான் எல்லா இடத்திலும் நம்பி ஓடும். நிற எழுத்துருக்களும் இருக்கின்றன, ஆனால் எந்த மென்பொருள் எதைக் காட்டும் என்பதில் நான் கையை வைக்கமாட்டேன், அது தெரிந்தவர் யாராவது இங்கே பதில் எழுதினால் நல்லது. சுவரொட்டிக்கும் பெயர்ப்பலகைக்கும் புத்தக அட்டைக்கும் இது போதுமானது. கைத்தொலைபேசியில் செய்தி வாசிக்கிற அளவுக்குச் சுருக்கினால் மடிப்பு முக்கோணங்கள் அழுக்குப் புள்ளிகளாகத்தான் தெரியும், அங்கே மடிப்பில்லாத ஒற்றைத் தடிப்பு வடிவம் ஒன்றைத் தனியாக வரைந்துகொள்ளுங்கள்.